எல்லோரும் இடது கண்ணைப் பார்த்தார்கள்

காய்ச்சலின் 6ஆம் நாள் காலையில் என் இடது கண்ணின் வெள்ளைப் பகுதி பாதிக்கு மேல் ரத்தச் சிவப்பாகியிருந்தது. வலியில்லை, உறுத்தலும் இல்லை. அதனால் எனக்குத் தெரியவே இல்லை. அக்காதான் முதலில் பார்த்துப் பதறினாள். "ஐயோ, என்னடி இது, கண்ணு இப்படி இருக்கு?" என்று கைபேசிக் கேமராவைத் திருப்பி என் முகத்தை எனக்கே காட்டினாள். பார்க்கப் பயமாகத்தான் இருந்தது.

டெங்கு என்று உறுதியாகி இரண்டு நாள் ஆகியிருந்தது. பிளேட்லெட் அன்றைக்கு 31 ஆயிரம். வார்டுக்குள் வந்த ஒவ்வொருவரும் அந்தக் கண்ணைத்தான் பார்த்தார்கள். செவிலியர் பார்த்தார், ரத்தம் எடுக்க வந்த பையன் பார்த்தான், பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டி எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். காய்ச்சலுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் டார்ச் அடித்து, இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மேல ஒரு சின்ன ரத்தக் கசிவு, அவ்வளவுதான். பார்வைக்கு ஒண்ணும் ஆகாது. தானா கரைஞ்சிடும்" என்றார். அவர் சொன்னது சரி. இரண்டு வாரத்துக்குள் அது மஞ்சளாகி, வெளிறி, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

கெட்டுக்கொண்டிருந்தது வலது கண். அது வெள்ளை வெளேர் என்று, கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அந்த வலது கண்ணைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். டெங்குவும் சிக்குன்குனியாவும் வந்து போனவர்கள் நம்மைச் சுற்றி இத்தனை பேர் இருக்கிறார்கள். மூட்டுவலி பற்றிப் பேசுகிறோம், முடி கொட்டுவதைப் பற்றிப் பேசுகிறோம். கண்ணைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு வரும்வரை எனக்கும் தெரியாது.

காய்ச்சல் 5ஆம் நாளே இறங்கிவிட்டது. டெங்குவில் அது நிம்மதியாக மூச்சு விடுகிற நாள் இல்லை என்று இப்போது நிறையப் பேருக்குத் தெரியும். காய்ச்சல் இறங்குகிற அந்த ஓரிரு நாளில்தான் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும், பிளேட்லெட் அடிமட்டத்துக்குப் போகும், சிலருக்கு ரத்த அழுத்தம் விழும். அதனால்தான் என்னை வீட்டுக்கு விடாமல் வைத்திருந்தார்கள். வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள், சிறுநீரை அளந்தார்கள், நேரம் தவறாமல் ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் முறையாகவே நடந்தது. கண்ணுக்குள் ஓடுவதும் அதே ரத்தம்தான், அங்கேயும் இருப்பவை அதே மாதிரி நுண்ணிய குழாய்கள்தான் என்பது மட்டும் யார் நினைவுக்கும் வரவில்லை.

7ஆம் நாள் மதியம் உடம்பு தேறிவிட்ட மாதிரி இருந்தது. நான் மெய்ப்புத் திருத்துபவள். 18 வருடமாக அதுதான் வேலை. காய்ச்சலால் பாதியில் நின்றுபோன ஒரு புத்தகத்தின் தாள்களை, அக்கா திட்டத் திட்டக் கேட்காமல், வரவழைத்து வைத்திருந்தேன். வலது கையில் ட்ரிப்ஸ் ஊசி. அதனால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, தாளைத் தலையணைமேல் சாய்த்து வைத்துப் படித்தேன். இரண்டாவது வரியிலேயே தப்பு. "கண்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "கண" என்று இருந்தது. அடுத்த சொல்லிலும் புள்ளி இல்லை. அதற்கடுத்த சொல்லிலும் இல்லை. எழுத்துரு மாற்றும்போது இப்படிப் புள்ளிகள் உதிர்வது உண்டு. அந்தச் சிக்கல்தான் என்று நினைத்து, தாளைச் சரியாகப் பார்க்க எழுந்து உட்கார்ந்தேன்.

எல்லாப் புள்ளியும் இருந்தது.

மறுபடி படுத்தேன். மறுபடி போய்விட்டது. இன்னும் கூர்ந்து பார்த்தபோதுதான் அது எவ்வளவு விநோதம் என்று புரிந்தது. பக்கம் முழுக்கப் புள்ளிகள் இருந்தன. நான் எந்த எழுத்தைப் பார்க்கிறேனோ அந்த எழுத்தின் புள்ளி மட்டும் இல்லை. பார்வையை அடுத்த எழுத்துக்கு நகர்த்தினால் விட்டுவந்த எழுத்துக்குப் புள்ளி திரும்பிவிடும், புதிதாகப் பார்க்கும் எழுத்தில் காணாமல் போகும். "கி" என்பது "க" ஆனது. மேலே வளைகிற சுழி எதுவும் தப்பவில்லை. "கு", "மு" என்று கீழே இறங்குகிறவை பத்திரமாக இருந்தன. கறுப்பாக எதுவும் மறைக்கவில்லை. புள்ளி இருந்த இடத்தில் வெறும் தாள்தான் தெரிந்தது, அங்கே ஒன்றுமே அச்சாகாத மாதிரி.

படுத்தால் இடது கண் தலையணையில் புதைந்துவிடுகிறது, வலது கண் மட்டும் தனியாகப் படிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. உட்கார்ந்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து படிக்கும். ஒன்று விட்டதை மற்றது எடுத்துக் கொடுத்துவிடும். நமக்குத் துளைகூடத் தெரியாது.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவரிடம் சொன்னேன்.

"படுத்துக்கிட்டுப் படிச்சா எழுத்துக்கு மேல மறைக்குது டாக்டர்."

"படுத்துக்கிட்டு எதுக்கும்மா படிக்கிறீங்க? வீக்னஸ்தான். ஒரு வாரம் நல்லா ரெஸ்ட் எடுங்க."

அந்த அறையில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. இரண்டு கண்ணாலும் பார்த்தபோது எண்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அந்த எண்களைப் படிக்கச் சொல்லியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். என் உயிரைக் காப்பாற்றிய மனிதர், அந்த நன்றி எனக்கு உண்டு. அந்த அரை நிமிடத்துக்கான வருத்தமும் இன்னும் உண்டு.

வீட்டுக்கு வந்த மறுநாள் முகம் கழுவும்போது சோப்பு இடது கண்ணில் போய்விட்டது. இறுக்கி மூடிக்கொண்டு வலது கண்ணால் எதிர்ச்சுவரைப் பார்த்தேன். சுவர் ஓடுகளுக்கு நடுவே ஓடும் நேர்க்கோடுகள் ஓரிடத்தில் மட்டும், துணியைப் பின்னாலிருந்து யாரோ கிள்ளி இழுத்த மாதிரி, உள்ளே வளைந்திருந்தன. கண்ணைச் சிமிட்டியதும் ஒரு கணம் அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சாம்பலும் ஊதாவுமாக ஒரு வட்டம் தோன்றி மறைந்தது. அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அன்று எடுத்த ரத்தத்தில் பிளேட்லெட் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கு ஏறியிருந்தது. காகிதத்தில் நான் குணமாகிவிட்டவள்.

மறுநாளே கண் மருத்துவரிடம் போனேன். எழுத்துப் பலகையில் இடது கண் 6/6, வலது கண் 6/18. அதாவது நல்ல கண் 18 மீட்டரிலிருந்து படிக்கிற எழுத்தை, நான் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடிந்தது. பிறகு அந்த மருத்துவர் என் கையில் ஒரு கட்டம் போட்ட தாளைக் கொடுத்தார். ஆம்ஸ்லர் கட்டம் என்று பெயர். மார்க் ஆம்ஸ்லர் என்ற ஸ்விட்சர்லாந்துக் கண் மருத்துவர் உருவாக்கியது. 10 சென்டிமீட்டர் சதுரம், அதற்குள் 5 மில்லிமீட்டர் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுப்புள்ளியை மட்டும் பார்த்தபடி, எங்கே கோடு வளைகிறது, எங்கே மறைகிறது என்று சொல்ல வேண்டும். நான் பென்சிலால் வட்டம் போட்டேன். நடுப்புள்ளிக்கு ஒட்டினாற்போல் மேலே, ஏறக்குறைய ஒரு கட்டத்தின் அளவு.

அவர் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான். "காய்ச்சல் ஆரம்பிச்சு எத்தனாவது நாள்ல இருந்து?"

"ஏழாவது நாள்."

தலையை ஆட்டினார். கேட்கும்போதே விடை தெரிந்தவரின் தலையாட்டல் அது.

கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டமான பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்து, ஒளியைப் பாய்ச்சி உள்ளே பார்த்தார். அப்புறம் ஓசிடி என்ற படம். தாடையை ஒரு தாங்கியில் வைத்து உள்ளே தெரியும் குறியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், தொடுதல் இல்லை, வலி இல்லை, சில நொடிதான். விழித்திரையைக் குறுக்காக வெட்டிப் பார்த்த மாதிரி அடுக்கடுக்காகத் திரையில் விழுகிறது. இடது கண் படத்தில் நடுவில் ஓர் அழகான பள்ளம். வலது கண்ணிலும் பள்ளம் இருந்தது, ஆனால் அதன் அடியில், வெளி அடுக்குகள் கலங்கி, கூம்பு மாதிரி ஒரு வெளுப்பு எழும்பி நின்றது. வண்ணப் படத்தில் அதே இடத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு சின்னப் பொட்டு. பக்கத்தில் ஊசிமுனை அளவில் இரண்டு ரத்தத் திட்டுகள். டெங்கு மாக்குலோபதி என்றார். அதிலும் என்னுடையது, நடுக்குழியில் வருகிற ஃபோவியோலைட்டிஸ் என்ற வகை.

கண்ணின் பின்சுவரில் திரை போட்ட மாதிரி இருப்பது விழித்திரை. அதன் நடுவில், 5 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்தில் இருப்பது மாக்குலா. படிப்பது, முகம் அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. அதன் நடுக்குழிதான் ஃபோவியா. குழியின் அடித்தரை 0.35 மில்லிமீட்டர்தான். விழித்திரையில் 0.3 மில்லிமீட்டர் கெட்டால், 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்த தாளில் சுமார் 5 மில்லிமீட்டர் போய்விடும். என் பென்சில் வட்டம் ஒரு கட்டத்தின் அளவில் வந்த காரணம் அதுதான். விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். என் பொட்டு குழியின் மையத்துக்கு ஒரு நூலளவு கீழே இருந்தது. அதனால் எனக்கு எழுத்துகளின் மேல்பக்கம் போனது. கொஞ்சம் மேலே இருந்திருந்தால் புள்ளிகள் பிழைத்து, உகரக் கொம்புகள் போயிருக்கும்.

இது ஏன் காய்ச்சல் விட்ட பிறகு வருகிறது? நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். வைரஸ் ரத்தத்தில் நிறைந்திருக்கும் நாட்களில் கண் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், கண்ணுக்குப் பின்னால் அந்த வலியைத் தவிர. உடம்பு விழித்துக்கொண்டு எதிர்ப்பொருட்களை அனுப்பிப் போரிடும்போது அந்தப் போரின் சூட்டில் குழாய்ச் சுவர்கள் தளர்கின்றன, கசிகின்றன, சில இடத்தில் அடைபடுகின்றன. நுரையீரல் உறையிலும் வயிற்றிலும் நீர் கோப்பது போலவே விழித்திரையிலும் நடக்கிறது. அதனால்தான் இந்த மங்கல் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம் வாக்கில், பிளேட்லெட் அடியைத் தொடும் நாட்களை ஒட்டி வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு கண்ணிலுமே இருக்கும், ஒன்றில் கூடுதலாக இன்னொன்றில் குறைவாக. எனக்கு ஒன்றோடு போனது.

எத்தனை பேருக்கு வரும் என்று கேட்டால், அது டெங்குவின் வகையைப் பொறுத்தும் மாறுகிறது. டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. சிங்கப்பூரில் 2005இல் முதல் வகை பரவியபோது, மருத்துவமனையில் சேர்ந்த டெங்கு நோயாளிகளை வரிசையாகப் பரிசோதித்த ஓர் ஆய்வில் பத்தில் ஒருவருக்கு மாக்குலா பாதிப்பு இருந்தது. 2007இல் இரண்டாம் வகை பரவியபோது அங்கேயே தேடிப் பார்த்ததில் ஒருவருக்குக்கூட இல்லை. அந்தப் பத்தில் ஒன்று என்ற எண்ணை மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலேயே படுத்து எழுந்தவர்களுக்கு இவ்வளவு இராது. ஆனாலும் அந்தப் பத்தில் ஒன்றைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வார்டில் 22 கட்டில்கள் இருந்தன.

வைத்தியம் என்று பார்த்தால், இதைக் கொடுத்தால் நிச்சயம் சரியாகும் என்று சொல்லும் அளவுக்கு எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அதை மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். பலருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. பார்வை நன்றாகக் குறைந்தவர்களுக்கு, இரண்டு கண்ணிலும் வந்தவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு. எனக்கு மாத்திரை கொடுத்து, வாராவாரம் அளவைக் குறைத்து நிறுத்தினார். அதைத் தொடங்குவதற்கு முன் பிளேட்லெட், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். மாத்திரைதான் சரியாக்கியதா, தானாகத்தான் ஆனதா என்று யாராலும் சொல்ல முடியாது. 3 வாரத்தில் 6/9. மூன்றாவது மாதம் 6/6.

எண் திரும்பிவிட்டது. புள்ளி முழுதாகத் திரும்பவில்லை. இந்த நடுக்குழி வகையில் மறைப்பு மாதக்கணக்கில் நிற்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். இப்போது வலது கண்ணால் மட்டும் பார்த்தால் புள்ளி இருக்கிறது, மை மங்கிய புள்ளியாக. அச்சகத்தில் சரியாக அழுந்தாத எழுத்து மாதிரி.

காத்திருப்புக் கூடத்தில் எனக்குப் பக்கத்தில் அடிக்கடி வந்து உட்காருவார் ஒரு பெரியவர். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே மாட்டார். அவருக்கு வந்தது சிக்குன்குனியா. காய்ச்சல் போய் ஒன்றரை மாதம் கழித்து ஒரு கண் சிவந்து வலித்திருக்கிறது. "மெட்ராஸ் ஐன்னு நினைச்சேன்மா. வீட்ல பழைய சொட்டு மருந்து இருந்துச்சு, அதையே ஊத்திக்கிட்டு இருந்தேன்" என்றார். பத்து நாள் அப்படிப் போயிருக்கிறது. மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளும், இமை ஒட்டும், உறுத்தும். இவருக்குப் பீளையே இல்லை. ஆழத்தில் வலி, வெளிச்சத்தைப் பார்த்தால் கத்தி குத்துவது போல் கூச்சம், கொஞ்சம் மங்கல். அது கண்ணுக்கு உள்ளே வரும் அழற்சி, யுவியைட்டிஸ். அவர் கண்ணாடியைக் கழற்றிக் காட்டியபோது பார்த்தேன், பாவை வட்டமாக இல்லை, ஒரு பக்கம் கிள்ளின மாதிரி கோணலாக இருந்தது. அழற்சியில், பாவையைச் சுற்றியிருக்கும் ஐரிஸ் என்ற படலம் பின்னால் இருக்கும் வில்லையோடு ஒட்டிக்கொள்கிறது. முதல் நாட்களிலேயே பாவையை விரிக்கும் மருந்து விட்டிருந்தால் ஒட்டாமல் தடுத்திருக்கலாம் என்றார்களாம். பத்து நாளில் ஒட்டிவிட்டது.

சிக்குன்குனியா என்ற பெயரே மகோண்டே மொழியில், உடம்பை வளைத்துப்போடுவது என்ற பொருளில் வந்தது. 1952–53இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் பரவியபோதுதான் அதை முதலில் அடையாளம் கண்டார்கள். மூட்டை முறுக்குவதே அதன் முகம் என்பதால் கண் பின்னுக்குப் போய்விட்டது. இந்தியாவில் 2006இல் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது வந்ததாகக் கணக்கிட்டபோதுதான் கண் பாதிப்புகள் ஒன்றிரண்டாக இல்லாமல் கொத்துக் கொத்தாகத் தெரிய ஆரம்பித்தன. அந்தப் பரவலில் தாங்கள் கண்டவற்றை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2007இல் ஆய்விதழில் எழுதினார்கள். முன்பக்க யுவியைட்டிஸ், விழித்திரை அழற்சி, பார்வை நரம்பின் அழற்சி என்று பல வடிவங்கள். சிலரது கண்ணின் முன்னறை நீரிலேயே வைரஸின் மரபுப் பொருள் கிடைத்திருக்கிறது. டெங்கு ஒரு வாரக் கணக்கு என்றால் இது காய்ச்சலோடும் வரலாம், வாரங்கள் கழித்தும் வரலாம். ஆறு வாரத்துக்கு முன் வந்து போன காய்ச்சலை, சிவந்த கண்ணோடு சேர்த்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்? அந்தப் பெரியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண் மருத்துவர் "சமீபத்துல காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டபோதுகூட அவர் முதலில் இல்லை என்றுதான் சொன்னாராம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். மிச்சம் வைத்த சொட்டு மருந்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு அடங்கும், நோய் அடங்கிவிட்டது போலத் தெரியும். கண்ணின் அழுத்தம் ஏறலாம். காரணம் ஹெர்பீஸ் கிருமியாகவோ கருவிழிப் புண்ணாகவோ இருந்தால் அது தீவிரமாகிவிடும். அதே மருந்தைத்தான் யுவியைட்டிஸுக்கு மருத்துவரும் எழுதுவார், ஆனால் பிளவு விளக்கு என்ற கண் பரிசோதனைக் கருவியில் பார்த்து, அழுத்தம் அளந்து, நாள் கணக்கு வைத்து எழுதுவார்.

பார்வை நரம்பைத் தாக்கினால் விஷயம் இன்னும் அவசரம். பார்வை சில நாளில் மடமடவென்று இறங்கும், நிறங்கள் வெளிறும். சிவப்பு மூடி ஒன்றை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு கண்ணில் ரத்தச் சிவப்பு, மற்றதில் செங்கல் நிறம். அப்படி என்றால் நரம்பு வழியாக உயர் அளவில் ஸ்டீராய்டு தேவைப்படலாம். நாள் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

கொசு கொண்டுவரும் மற்ற வைரஸ்களும் கண்ணை விடுவதில்லை. 1937இல் உகாண்டாவில் கண்டெடுக்கப்பட்ட வெஸ்ட் நைல் வைரஸ் மூளையைத் தாக்கும்போது விழித்திரையில் தழும்புகளை விடுகிறது, நரம்பிழைகள் ஓடும் தடத்திலேயே கோடு கிழித்த மாதிரி வரிசையாக. சர்க்கரை நோயாளிகள் அதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலில் கண் பாதிப்பு 1 முதல் 3 வாரத்தில் வருகிறது. மாக்குலாவில் விழுந்தால் பாதிப் பேருக்கு நடுப்பார்வை திரும்புவதே இல்லை. ஜிகா பெரியவர்களுக்குக் கண் சிவப்போடு போய்விடும், 2015க்குப் பிறகு பிரேசிலில் கருவிலேயே தாக்கப்பட்ட குழந்தைகளின் மாக்குலாவில் தழும்புகள் இருந்தன. அந்தக் குழந்தைகளைப் பற்றிப் படித்த பிறகு என் ஒரு புள்ளியைப் பற்றிப் பேசவே தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் பேசுகிறேன், ஏனென்றால் என்னுடையதைக் கண்டுபிடிக்க இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு தலையணை போதுமாக இருந்தது.

யாராவது டெங்கு என்று சொன்னால் இப்போதெல்லாம் நான் பிளேட்லெட்டைக் கேட்ட கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் விட்ட நாளிலிருந்து தினமும் ஒருமுறை, படிக்கும் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடு. அழுத்தாதே, அழுத்தினால் அந்தக் கண் கொஞ்ச நேரம் மங்கலாகத்தான் தெரியும். ஒரு வரி படி. ஜன்னல் கம்பியையோ சுவர் ஓட்டின் கோட்டையோ பார். அப்புறம் அடுத்த கண். இரண்டு வாரம் இதைச் செய். எழுத்து விட்டுப்போனாலோ, கோடு வளைந்தாலோ, கண்முன் பூச்சி பறப்பது போலத் தெரிந்தாலோ, வெளிச்சம் தாங்காமல் வலித்தாலோ அன்றைக்கே விழித்திரை பார்க்கிற கண் மருத்துவரிடம் போ, வந்து போன காய்ச்சலை நீயாகவே முதலில் சொல். சிக்குன்குனியா என்றால் மூன்று மாதமாவது நினைவில் வை.

எல்லோருக்கும் இது தேவையா என்று கேட்டார் காய்ச்சல் மருத்துவம் பார்க்கும் ஒரு நண்பர். வார்டில் நூறு பேர் இருக்கும்போது ஒவ்வொருவரையும் கண் மருத்துவரிடம் அனுப்ப முடியாது என்றார். சரிதான், முடியாது. அனுப்பச் சொல்லவில்லை. காய்ச்சல் அளவை எழுதி வைக்கிற அதே தாளில் "ஒவ்வொரு கண்ணாக" என்று ஒரு வரி சேர்க்கலாம். அதை நோயாளியே செய்வார், வீட்டு ஆள் பார்த்துச் சொல்வார்.

போன மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்குதான். அவள் வேறு ஊரில் இருக்கிறாள், எனக்கு உடனே போக முடியவில்லை. 6ஆம் நாள் காய்ச்சல் இறங்கியதும் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"அக்கா, பக்கத்துல ஏதாவது அச்சடிச்ச தாள் இருக்கா?"

"ஆஸ்பத்திரிச் சீட்டுதான் இருக்கு. எதுக்குடி?"

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, வலது கண்ணை மூடிட்டுப் படி. ஒவ்வொரு எழுத்தா."

படித்தாள். மருந்தின் பெயர், வேளை, உணவுக்குப் பின். மெதுவாக, களைத்த குரலில். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். புள்ளி எழுத்துகள் எல்லாம் விழுந்தன.

"இப்ப இடது கண்ணை மூடு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. தாள் சரசரத்தது. பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.